டெரைலர் வாங்கும் முன் பல்லை எண்ணுங்கள்: சைக்கிள் கேள்வி–பதில்

மணாலியிலிருந்து லேவுக்கு 20 கிலோ சாமானோடு போகிறேன். ஹைப்ரிட் சைக்கிள், முன்னால் 48-38-28 பல், பின்னால் 11 முதல் 32 பல் வரை, 8 ஸ்பீடு. பின் டெரைலரை (கியர் மாற்றும் கருவியை) விலையுயர்ந்த மாடலாக மாற்றினால் ஏற்றம் சுலபமாகுமா?
– கோவை வாசகர்

ஆகாது. ஏற்றத்தைச் சுலபமாக்குவது பற்களின் எண்ணிக்கை. டெரைலரின் வேலை செயினை நகர்த்துவதும் தொய்வை இழுத்துப் பிடிப்பதும்தான்.

உங்கள் கடைசி, அதாவது மிக லேசான கியர் 28/32 (முன்னால் 28 பல், பின்னால் 32). 700சி சக்கரத்தில் பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய 1.9 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 7 கி.மீ. வரும். வழியிலுள்ள தங்லாங் லா கணவாய் 5,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த மெல்லிய காற்றில், பாரத்தோடு அந்த வேகத்தைப் பிடிக்க முழங்கால்தான் விலை கொடுக்கும். 22/34 என்றால் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர், மணிக்கு 5 கி.மீ. ஆகவே முதலில் 44-32-22 கிராங்க் (பெடலோடு சேர்ந்த முன் பல்சக்கரத் தொகுதி), 11-34 கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) மாற்றுங்கள். 44/11 இறக்கத்துக்குத் தாராளம்.

இனிதான் டெரைலர். முன்பக்கப் பெரிய, சிறிய பற்களின் வித்தியாசம் 22, பின்பக்கம் 23, கூட்டினால் 45. டெரைலரின் மொத்தக் கொள்ளளவு, அதாவது அது தொய்வில்லாமல் சமாளிக்கும் பல் வித்தியாசம், அதற்குக் குறையக் கூடாது. 'அதிகபட்ச ஸ்ப்ராக்கெட் (பின் பல்சக்கரம்) 34' என்பதும் இருக்க வேண்டும். ஷிமானோவில் எஸ்ஜிஎஸ் என்று குறிக்கும் நீளக் கேஜ் (செயினைப் பிடிக்கும் கீழ்க்கை) மாடல்களில் தேடுங்கள். 9 ஸ்பீடு டெரைலர் உங்கள் 8 ஸ்பீடு ஷிஃப்டரோடு (ஹேண்டில்பாரிலுள்ள கியர் விசையோடு) ஒத்துப்போகும்.

கொள்ளளவு இரண்டு பல் குறைந்தாலும் உலகம் அழியாது, செயின் நீளம் சரியாக இருந்தால். செயினை டெரைலருக்குள் விடாமல் முன்னும் பின்னும் உள்ள பெரிய பல்சக்கரங்கள் மேல் சுற்றி, ஒரு அங்குலம் கூட்டி வெட்டுங்கள். குறை சிறியது–சிறியதில் தொய்வாகத்தான் தெரியும். அந்தச் சேர்க்கையை யாரும் ஓட்டப்போவதில்லை. அந்தத் தொய்வுக்குப் பயந்து செயினைக் குட்டையாக்கினால், களைப்பில் பெரியது–பெரியதுக்குத் தட்டும் நாளில் டெரைலரே பிய்ந்துகொண்டு வரும்.

முன் டெரைலரையும் கீழே இறக்க வேண்டும்: வெளித்தகட்டுக்கும் 44 பல்லுக்கும் இடையே 1 முதல் 3 மி.மீ. கிராங்க் மாற்றும்போது பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் பேரிங்) அச்சின் நீளமும் மாற வேண்டியிருக்கலாம். கடையில் கேட்டே வாங்குங்கள்.

9 ஸ்பீடு எம்டிபி (மலை சைக்கிள்) ஷிஃப்டரோடு, செயின் குலுங்காமல் இறுக்கிப் பிடிக்கும் 10 ஸ்பீடு கிளட்ச் டெரைலர் ஓடுமா? கரடுமுரடான பாதைக்குக் கிளட்ச் அவசியமா?
– திருச்சி வாசகர்

ஷிமானோவில் ஓடாது. 9 ஸ்பீடில் கேபிள் 1 மி.மீ. இழுபட்டால் டெரைலர் சுமார் 1.7 மி.மீ. நகரும், 10 ஸ்பீடு எம்டிபியில் சுமார் 1.2 தான். எந்தத் திருகாலும் இதைச் சரிக்கட்ட முடியாது.

முன்னால் ஒற்றைச் செயின்ரிங் (பல்சக்கரம்) என்றால் கிளட்ச் வாங்குங்கள். குலுக்கலில் செயின் கழன்று விழாது. மூன்று ரிங் வைத்தவருக்கு அது ஆடம்பரம். அவருக்கு வேண்டியது 'ஷேடோ' வடிவம். உடல் கேசட்டுக்கு அடியில் ஒடுங்கியிருப்பதால் கல்லிலும், வண்டி வலப்பக்கம் சாயும்போதும் அடி குறைவு.

டெரைலருக்கு என்ன உபரி எடுத்துப்போவது?
– மதுரை வாசகர்

டெரைலர் அல்ல, அதை ஃப்ரேமோடு இணைக்கும் ஹேங்கர். அலுமினிய ஃப்ரேமில் அது முதலில் வளைவதற்கென்றே வைத்த துண்டு. ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வடிவம் மாறும் என்பதால், வழியில் கிடைக்கும் என்று நம்பாமல் இரண்டு வாங்கி வையுங்கள்.

பஸ் கூரையிலிருந்து இறக்கிய பிறகோ வண்டி விழுந்த பிறகோ கியர் தாறுமாறானால் கேபிளைத் திருகாதீர்கள். பின்னாலிருந்து ஹேங்கரைப் பாருங்கள். உள்ளே வளைந்திருந்தால், கடைசி கியரில் டெரைலர் ஸ்போக்குக்குள் போய்விடும். அப்புறம் டெரைலரோடு சக்கரமும் போச்சு.

ஹேங்கர் ஃப்ரேமோடு சேர்ந்த ஸ்டீல் வண்டியில் நிமிர்த்தலாம். ஹேங்கர் மரையும் க்விக் ரிலீஸ் பின் அச்சின் மரையும் பெரும்பாலும் ஒன்றே: 10 மி.மீ., 1 மி.மீ. பிட்ச். டெரைலரைக் கழற்றி, நண்பரின் பின்சக்கர அச்சை அந்த ஓட்டையில் முறுக்குங்கள். இரண்டு சக்கரமும் இணையாக நிற்கும்வரை மெதுவாக வளையுங்கள்.

டெரைலரே உடைந்தால் செயினை வெட்டி, நடு ரிங்குக்கு நேர்கோட்டில் இருக்கும் பின் பல்லில் மாட்டி ஒற்றைக் கியராக ஓட்டலாம். கோடு பிசகினால் செயின் தானாகப் பெரிய பல்லுக்கு ஏறி இறுகிக்கொள்ளும்; எழுந்து நின்று மிதிக்காதீர்கள். இதற்குச் செயின் டூலும், உங்கள் ஸ்பீடுக்கான க்விக் லிங்க் (செயினைக் கையால் இணைக்கும் கண்ணி) இரண்டும் பையில் இருக்க வேண்டும்.