வன்னி வரலாற்றுக்கு மூல ஆவணம் எங்கே?

கேள்வி: ஊர்ப் பிள்ளைகளுக்காக வன்னியின் பழைய வரலாற்றை, ஒல்லாந்தர் காலத்தையும் ஆங்கிலேயர் வந்த புதிதையும் எழுதி வைக்கலாம் என்றிருக்கிறேன். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. இதற்கு அடியில் இருக்கிற மூல ஆவணங்கள் எங்கே?
(வாசகர், ஒட்டுசுட்டான்)

பதில்: எல்லாரும் ஒரே புத்தகத்தைப் பார்த்து எழுதினால் வேறு கதை எப்படி வரும்? ஜே.பி. லூயிஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றி 1895இல் வெளியிட்ட கைந்நூல்தான் அது. நல்ல நூல், கட்டாயம் வாசியுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். ஆங்கிலேயரை எதிர்த்து நின்ற வன்னித் தலைவன் பண்டாரவன்னியனின் காலத்துக்குத் தொண்ணூறு வருடம் கழித்து எழுதியது அது.

அதற்கு முந்திய கடதாசிகள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்து ஒல்லாந்தத் தளபதி ஸ்வார்டக்ரோன் 1697இல் தனக்குப் பின் நிர்வாகம் பார்ப்பவர்களுக்கு எழுதி வைத்த நீண்ட குறிப்பு 1911இலேயே ஆங்கிலத்தில் அச்சாகிவிட்டது. வன்னியர்கள், அதாவது வன்னியின் சிற்றரசர்கள், திறையாகத் தர வேண்டிய யானைகளில் எவ்வளவு பாக்கி என்று மனிதர் அதில் புலம்புவதைப் பார்க்க வேண்டும்! 1793இல் வன்னியை நிர்வகித்த நாகல் எழுதிய அறிக்கையும் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் கண் யானையிலும் வரியிலும்தான், அதனால் நம் ஆட்கள் இந்தப் பக்கங்களில் வருவதே பெரும்பாலும் பாக்கி வைத்தவர்களாகவும் சொல் கேளாதவர்களாகவும்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நம் பழைய தமிழ் வரலாற்று நூல்களான வையா பாடலையும் யாழ்ப்பாண வைபவமாலையையும் வைத்து வாசியுங்கள். வைபவமாலையே ஓர் ஒல்லாந்த அதிகாரி கேட்டு எழுதப்பட்டதுதான் என்பது வேறு விஷயம்.

கேள்வி: இதற்கெல்லாம் கொழும்புக்கு அலைய வேண்டுமா? ஒல்லாந்து மொழியும் எனக்குத் தெரியாது.
(ஆசிரியை, மாங்குளம்)

பதில்: உடனே இரவு பஸ் ஏற வேண்டாம். முதலில் வீட்டிலிருந்தே நூலகம் இணையத்தளத்தைத் துழாவுங்கள், ஈழத்துப் பழைய நூல்கள் நிறைய அங்கே இருக்கின்றன. நெதர்லாந்தின் ஹேக் நகரத் தேசியச் சுவடிகள் கூடம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடதாசிகளைப் படம்பிடித்து இணையத்தில் போட்டிருக்கிறது, அவற்றில் சுமார் 50 இலட்சம் பக்கங்களின் கையெழுத்தைக் கணினி வாசித்து, சொல் போட்டுத் தேடலாம் என்கிற அளவுக்கு ‘குளோபலைஸ்’ என்ற திட்டம் கொண்டுவந்திருக்கிறது. வன்னி ஊர்ப்பெயர்களைப் பனங்காமம், முள்ளியவளை என்று இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டில் தேடினால் அகப்படாது, ஒல்லாந்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்கள், நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். கிடைத்த பக்கத்தை மொழிபெயர்ப்புச் செயலியில் கொடுத்தால் சாரம் புரியும், ஆனால் அதை நம்பி மேற்கோள் மட்டும் காட்டிவிடாதீர்கள்.

அப்புறம் கொழும்பு. முன்பு றீட் அவெனியூ என்றிருந்த பிலிப் குணவர்தன மாவத்தையில் உள்ள தேசிய சுவடிகள் கூடத்தில் 1640 முதல் 1796 வரையான ஒல்லாந்தர் ஆவணங்கள் முதலாம் தொகுதியாக இருக்கின்றன. அட்டவணையைப் பார்த்து இலக்கம் குறித்துக்கொண்டு போனால் ஒரு நாளில் வேலை நடக்கும், சும்மா போனால் அந்த நாள் அட்டவணை பார்ப்பதிலேயே போய்விடும்.

கேள்வி: 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவைப் பிடித்ததற்கு அந்தக் காலத்திலேயே எழுதிய ஆதாரம் எதில் தேடலாம்?
(மாணவர், வவுனியா)

பதில்: அப்போதைய ஆங்கிலேய ஆளுநர் நோர்த் லண்டனுக்கு எழுதிய கடிதங்களில் தேடுங்கள். 1798இலிருந்து வரும் அந்தக் கடிதங்கள் இங்கிலாந்தில் கியூ என்ற இடத்தில் உள்ள சுவடிக்கூடத்தில், குடியேற்ற அலுவலகக் கோவை 54 (CO 54) என்ற வரிசையில் இருக்கின்றன. இலங்கை அரச வர்த்தமானியும் 1802இல் தொடங்கிவிட்டது. அதே 1803இல் கண்டிப் போரும் நடந்ததால் இரண்டையும் சேர்த்தே பாருங்கள். கற்சிலைமடுவில் நாட்டிய நினைவுக் கல்லில் அந்த வருடம் ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் ட்ரிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்ததாகத்தான் எழுதியிருக்கிறதே தவிர, கொன்றதாக இல்லை. 1796 முதல் 1798 வரை இலங்கை சென்னையிலிருந்து ஆளப்பட்டது, ஆகவே அந்த இரண்டு வருடத்துக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் விசாரித்துப் பாருங்கள்.