கையெழுத்துப் போடும் முன்: சேவைச் சங்க நிர்வாகம் பற்றி வாசகர் கேள்விகள்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவான சேவைச் சங்கங்களின் செயற்குழு உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். டிரஸ்டுகளுக்குச் சட்டம் வேறு என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: முதியோர் இல்லம் நடத்தும் சங்கத்தில் செயற்குழு உறுப்பினராக இருக்கிறேன். சங்கத்தைத் தொடங்கியவரே 16 ஆண்டுகளாகத் தலைவர். நல்ல மனிதர், அவர்மேல் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் செயற்குழுவில் கணக்கு வைப்பதே கிடையாது. மினிட்ஸ் புத்தகம் வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போட்டு அனுப்புவோம். நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் நாங்களும் பொறுப்பா? அவர் மனம் நோகாமல் எப்படிக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தேனி மாவட்டம்

பதில்: பொறுப்புதான். சங்கத்தின் நிர்வாகத்தைச் சட்டம் செயற்குழுவிடம் ஒப்படைத்திருக்கிறது, தலைவர் ஒருவரிடம் அல்ல. நடக்காத கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் கையெழுத்துப் போட்டால், 'நான் வந்திருந்தேன், இந்தச் செலவுக்கு ஒப்புதல் கொடுத்தேன்' என்று எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும். பிறகு 'எனக்குத் தெரியாது' என்று சொன்னால் அந்தக் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். ஆகவே வீட்டுக்கு வரும் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவதை இந்த மாதமே நிறுத்துங்கள்.

கணக்கு கேட்பதை ஒருவர்மேல் வைக்கும் சந்தேகமாக ஆக்காமல், எல்லாக் கூட்டத்துக்கும் பொதுவான நடைமுறையாக ஆக்குங்கள். 'இனி ஒவ்வொரு செயற்குழுக் கூட்டத்திலும் பொருளாளர் கணக்கு அறிக்கை வைக்க வேண்டும்' என்று ஒரு தீர்மானம் போதும். அதன் பிறகு யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அது பொருள் நிரலிலேயே இருக்கும். மூன்று தாள்கள் கேளுங்கள்: பட்ஜெட்டுக்குப் பக்கத்திலேயே உண்மைச் செலவைக் காட்டும் வரவு செலவுச் சுருக்கம், கட்ட வேண்டிய பாக்கிகளின் பட்டியல் (சம்பளம், பி.எஃப்., டி.டி.எஸ். என்ற பிடித்தம் செய்த வரி, மளிகைக் கடை), வங்கி ஒத்திசைவு (கணக்குப் புத்தகத்தின் இருப்பையும் பாஸ்புக் இருப்பையும் ஒப்பிட்டு வித்தியாசத்துக்குக் காரணம் காட்டும் தாள்).

மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மை வெளியே வருவதும் அதில்தான். உதாரணமாக, மாதக் கடைசியில் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் வங்கி இருப்பு ரூ.1,84,600 என்றும், பாஸ்புக்கில் ரூ.2,09,600 என்றும் இருக்கிறது. வித்தியாசம் ரூ.25,000. மளிகைக் கடைக்காரருக்குக் கொடுத்த ரூ.25,000 செக்கை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை என்றால் கணக்கு சரி. அதே செக் மூன்று மாதமாகப் பட்டியலில் அப்படியே நிற்கிறது என்றால் கடைக்காரரிடம் நேரில் கேளுங்கள். புத்தகத்தில் வரவு வைத்த நன்கொடை பாஸ்புக்கில் ஏறவே இல்லை என்றால் அன்றே விசாரிக்க வேண்டும், அடுத்த கூட்டம் வரை காத்திருக்கக் கூடாது. இந்தத் தாளைத் தயாரிக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. 'ஆடிட்டர் பார்த்துக்கொள்வார்' என்று விடாதீர்கள். ஆடிட்டர் வருஷத்துக்கு ஒருமுறைதான் பார்ப்பார், அதுவும் நீங்கள் கொடுக்கும் புத்தகத்தை வைத்துத்தான்.

கேட்டும் வரவில்லை என்றால் செயலாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் உங்கள் எதிர்ப்பை மினிட்ஸில் பதியச் சொல்லுங்கள். அதற்கும் மேல் போனால் சட்டத்தின் 36-வது பிரிவு இருக்கிறது. செயற்குழுவில் பெரும்பான்மையினரோ, உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்களோ மனு கொடுத்தால் மாவட்டப் பதிவாளர் விசாரணை நடத்தலாம். ஆனால் அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை நடக்கும் சங்கத்துக்கு நன்கொடை தர எல்லோரும் தயங்குவார்கள், சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு வருவது இல்லத்தில் இருக்கும் பெரியவர்களுக்கு.

16 ஆண்டு விஷயம்: செயற்குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது சட்டம், ஆனால் மறுபடி தேர்ந்தெடுப்பதைத் தடுக்கவில்லை. தடை வேண்டுமென்றால் சங்கத்தின் துணை விதியைத் திருத்த வேண்டும். அதற்குப் பொதுக்குழுவில் நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் வேண்டும், திருத்தத்தை மாவட்டப் பதிவாளரிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒரு பொறுப்பில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் இல்லை என்று வைப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. தொடங்கியவருக்குப் புரவலர் என்ற மரியாதை கொடுங்கள், செக்கில் கையெழுத்திடும் அதிகாரம் அந்த மரியாதையோடு சேர்ந்து போக வேண்டாம்.

கேள்வி: மினிட்ஸ் எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். பேசியதை எல்லாம் எழுத வேண்டுமா?
– புதிய இணைச் செயலாளர், கரூர்

பதில்: வேண்டாம். யார் என்ன பேசினார் என்பதைவிட, என்ன முடிவானது, யார் செய்ய வேண்டும், எவ்வளவு பணம், எந்தத் தேதிக்குள் என்பதே முக்கியம். நாங்கள் அதிகம் பார்ப்பது இப்படிப்பட்ட வரி: 'கட்டட ரிப்பேர் பற்றிப் பேசி ஏகமனதாக முடிவெடுக்கப்பட்டது.' என்ன முடிவு என்று அதை எழுதியவருக்கே ஆறு மாதம் கழித்துத் தெரியாது. அதையே இப்படி எழுதலாம்:

'தீர்மானம் 4: பெண்கள் பகுதி மேற்கூரை ஒழுகலைச் சரிசெய்ய வந்த மூன்று விலைப்புள்ளிகள் பரிசீலிக்கப்பட்டன. மிகக் குறைந்ததான ரூ.68,500 (ரூபாய் அறுபத்தெட்டாயிரத்து ஐந்நூறு மட்டும்) ஏற்கப்பட்டது. முன்பணம் ரூ.20,000. வேலையைச் செயலாளர் மேற்பார்வையிட்டு செப்டம்பர் 30-க்குள் முடித்து அறிக்கை தர வேண்டும். முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், எதிர்த்தவர் ஒருவர்.'

பெயர்களை அந்தந்த இடத்தில் முழுதாக எழுதுங்கள். பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டைப் பயன்படுத்துங்கள். தாளை எடுத்து மாற்ற வசதியான ஃபைல் ஆகாது. கூட்டம் தொடங்கிய நேரம், கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) இருந்ததா, வராதவர்கள் யார் என்பது முதல் பக்கத்திலேயே வரட்டும். தீர்மானங்களுக்கு இடையில் வெற்றிடம் விடாதீர்கள், பிற்பாடு சேர்க்கப்படும் வரிகள் அங்கேதான் வந்து உட்காரும். பிழை வந்தால் ஒரே கோட்டில் அடித்துச் சுருக்கொப்பம் போடுங்கள், ஒயிட்னர் வேண்டாம்.

கேள்வி: எங்கள் சிறப்புக் குழந்தைகள் பள்ளி செயலாளரின் மைத்துனர் கட்டடத்தில் வாடகைக்கு நடக்கிறது. இது தவறா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: உறவினர் கட்டடம் என்பதாலேயே தவறாகாது. மறைப்பதும், சந்தை வாடகைக்கு மேல் கொடுப்பதும்தான் தவறு. நிர்வாகிகளுக்கோ அவர்கள் உறவினர்களுக்கோ சங்கத்தின் பணம் நியாயமான அளவுக்கு மேல் போனால் வருமான வரி விலக்குக்கே ஆபத்து. செயலாளர் உறவை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதே பகுதியில், அதே அளவுள்ள இரண்டு மூன்று கட்டடங்களின் வாடகையை விசாரித்துக் கோப்பில் வையுங்கள். அந்தப் பொருள் வரும்போது அவர் அறையை விட்டு வெளியே இருக்க வேண்டும், வாக்களிக்கவும் கூடாது. இது எல்லாமே மினிட்ஸில் பதிவாக வேண்டும். வாடகை உயரும் ஒவ்வொரு முறையும் இதையே செய்யுங்கள். முதல் முறை ஒழுங்காகச் செய்துவிட்டு, பிறகு ஒரு பேச்சுமில்லாமல் வாடகை ஏறுவதுதான் வழக்கமாக நடக்கும் தப்பு.

கேள்வி: செயற்குழுவின் பதவிக்காலம் முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது, தேர்தல் நடக்கவில்லை. வங்கியில் கையெழுத்து மாற்ற முடியவில்லை. என்ன வழி?
– சங்க உறுப்பினர், நாகப்பட்டினம்

பதில்: புதிய நிர்வாகிகளின் பெயர் மாவட்டப் பதிவாளரின் கோப்பில் ஏறினால்தான் வங்கி நகரும். அதற்குப் படிவம் 7 (நிர்வாகிகள் மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம்) வேண்டும். படிவம் 7-க்குப் பின்னால் ஒழுங்கான தேர்தல் வேண்டும். ஆகவே தொடங்க வேண்டிய இடம் உறுப்பினர் பதிவேடு. சந்தா பாக்கி யாருக்கு, காலமானவர்கள் யார், கடைசி ஒரு வருடத்தில் சேர்ந்தவர்கள் எந்தக் கூட்டத்தில் ஏற்கப்பட்டார்கள் என்று பார்த்து வாக்காளர் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். ஆட்சேபத்துக்கு ஒரு வாரம் கொடுங்கள். பெரும்பாலான சங்க வழக்குகள் வாக்கு எண்ணிக்கையில் வருவதில்லை, இந்தப் பட்டியலில்தான் வருகின்றன.

அடுத்தது பொதுக்குழு அறிவிப்பு. துணை விதியில் எத்தனை நாள் என்று இருக்கிறதோ அத்தனை நாள் முழுதாகக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டது போதும் என்று நினைக்காதீர்கள். பதிவுத் தபால் ரசீதோ, நேரில் கொடுத்ததற்கான கையெழுத்தோ ஒவ்வொருவருக்கும் இருக்க வேண்டும். கடைசியாகத் தாக்கலான படிவம் 7-இல் உள்ள நிர்வாகிகளே அறிவிப்பில் கையெழுத்திட்டால் பிற்பாடு கேள்வி குறையும். போட்டியிடாத ஒருவரைத் தேர்தல் அதிகாரியாக வையுங்கள்.

விடுபட்ட ஆண்டுக் கணக்குகளையும் சேர்த்துத் தாக்கல் செய்யுங்கள், தாமதத்துக்கான கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். இரண்டு தரப்பு இரண்டு பட்டியல் கொடுக்கும் நிலை வந்தால் எது செல்லும் என்று முடிவாகத் தீர்ப்பது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை, பதிவாளரின் வேலை அல்ல. அதற்குள் எத்தனை வருடம் போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே தேர்தலுக்கு முன்பே இரு தரப்பையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து வாக்காளர் பட்டியலில் ஒப்புக்கொள்ள வையுங்கள்.

கேள்வி: தலைவர் வெளியூரில் இருப்பதால் செக் புத்தகத்தில் முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்துவிடுகிறார். நெட் பேங்கிங் ஓ.டி.பி.யும் போனில் சொல்லிவிடுகிறார். வேலை சுலபமாக நடக்கிறது. சரியா?
– பொருளாளர், வேலூர்

பதில்: சரியில்லை. செக்கில் இருவர் கையெழுத்திட வேண்டும் என்ற விதி அங்கே பெயருக்குத்தான் இருக்கிறது. பணம் தவறினால் முதலில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். உள்ளூரில் இருக்கும் மூன்றாவது நிர்வாகி ஒருவரைச் சேர்த்து, 'மூவரில் எவரேனும் இருவர்' என்று செயற்குழுவில் தீர்மானம் போடுங்கள். நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவிட, இன்னொருவர் தன் சொந்த லாகினில் ஒப்புதல் தரும் வசதியை வங்கியில் கேட்டு வாங்குங்கள். தலைவர் எந்த ஊரில் இருந்தும் பில்லைப் பார்த்துவிட்டு ஒப்புதல் தரலாம். கையெழுத்திட்ட வெற்றுச் செக்குகள் இப்போது கையில் இருந்தால் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்து, அவற்றின் எண்களை மினிட்ஸில் ஏற்றிவிடுங்கள்.