மீன் துண்டு உங்க பிளேட்டுக்கும் வரட்டும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் குலசேகரம் பக்கம், வயசு 38. மார்த்தாண்டத்துல ஒரு கடையில பில்லிங் வேலை, காலைல பஸ் ஏறினா ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு. அவரு மஸ்கட்ல. வீட்ல அத்தையும் ரெண்டு பிள்ளைகளும். போன மாசம் டெஸ்ட் எடுத்ததுல மூணு மாச சுகர் (HbA1c) 6.1, பார்டர்ல நிக்குது, வெயிட்ட குறைங்க, நடங்கனு டாக்டர் சொன்னாங்க. ரெண்டாவது பிள்ளை வயித்துல இருக்கும்போதே சுகர் வந்து பிரசவத்துக்கு அப்புறம் போயிருந்துது. சோறே வேண்டாம்னு நாலு நாள் இருப்பேன், அஞ்சாவது நாள் மரச்சீனிக் கிழங்கும் மீனும் கண்டா கை நிக்காது, தின்னு முடிச்சதும் என் மேலயே அப்டி ஒரு வெறுப்பு வரும். காலைல வெயிட் மெஷின்ல ஏறி நின்னா அன்னைக்கு நாளே போச்சு. ரீல்ஸ்ல செல்ஃப் லவ் செல்ஃப் லவ்னு சொல்றாங்க, கண்ணாடி முன்னாடி நின்னு என்னை எனக்கு பிடிக்கும்னு தினமும் சொல்லணுமாம், சொல்லிப் பாத்தேன், அழுகைதான் வந்துச்சு. டிசம்பர்ல அவரு லீவுல வாராரு, அதுக்குள்ள பத்து கிலோ குறைக்கணும். இந்த ஒடம்ப வச்சுக்கிட்டு எப்டி நேசிக்கிறது அக்கா? முதல்ல குறைச்சுட்டு அப்புறமா நேசிச்சா போதாதா?

(பேரு போட வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சிக்கு,

போதாது மக்களே. குறைச்சுட்டு அப்புறம் நேசிக்கலாம்னு இருந்தா குறைக்கவும் முடியாது, ஏன்னா வெறுப்புல ஆரம்பிச்ச டயட் அஞ்சாவது நாள் எங்க போய் முடியுதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க.

முதல்ல ஒரு விஷயம். கர்ப்பத்துல சுகர் வந்தவங்களுக்கு பின்னால நிரந்தரமா சுகர் வர்ற வாய்ப்பு மத்தவங்களவிட பல மடங்கு கூடுதல். இது டாக்டர்மாருக்கு நல்லா தெரிஞ்ச சங்கதி, ஆனா பிரசவம் முடிஞ்சு சுகர் இறங்கினதும் யாரும் நமக்கு அத நின்னு சொல்றதில்ல. அதனால இந்த 6.1 நீங்க வாய கட்டாததுக்கு கிடைச்ச தண்டனைன்னு நெனச்சு வெப்ராளப்படாதீங்க. 5.7லருந்து 6.4 வரைக்கும் பார்டர்னு கணக்கு, திரும்பி வர வழியிருக்கிற எடம்தான்.

கண்ணாடி விஷயத்துக்கு வாறேன். 2009ல கனடாவுல வாட்டர்லூ யுனிவர்சிட்டில ஜோஆன் வுட்னு ஒரு சைக்காலஜி புரொஃபசரும் கூட உள்ளவங்களும் இதையே சோதிச்சுப் பாத்தாங்க. தன்னப்பத்தி ஏற்கெனவே தாழ்வா நெனைக்கிறவங்கள, நான் நேசிக்கத்தக்க ஆளுன்னு திரும்பத் திரும்ப சொல்ல வச்சா அவங்க மனசு முன்னைய விட மோசமாத்தான் ஆச்சு. ஏற்கெனவே தன்ன பிடிச்சவங்களுக்குத்தான் அதுல கொஞ்சம் பிரயோஜனம். அப்போ உங்களுக்கு வந்த அழுகை ஞாயமான அழுகைதான், அந்த ரீல்ஸ தள்ளி விட்டுட்டு போங்க.

அத்தைக்கு கால் கடுப்புன்னா எண்ணெய சூடாக்கி தேச்சு விடுவீங்கல்லா, அன்னைக்கு அத்தை மேல பாசம் பொங்குதா இல்லையான்னு பாத்துட்டா தேய்க்கிறோம்? சில நாள் கோவம்தான் பொங்கும், கையி அதுபாட்டுக்கு தேய்க்கும், தேய்க்க தேய்க்க கோவம் கொஞ்சம் இறங்கும். உங்க ஒடம்புக்கும் அப்டி செய்ங்க. பிடிச்சிருக்கான்னு கேக்காதீங்க, செய்ய வேண்டியத செய்ங்க.

இனி நீங்க எழுதாத ஒண்ண நானா ஊகிச்சு சொல்றேன், தப்புன்னா விட்டுருங்க. ராத்திரி எட்டு மணிக்கு வந்து கையி கழுவி எல்லாருக்கும் வெளம்பி, பிள்ளைகளுக்கு முள்ளு எடுத்து கொடுத்து, நல்ல நடுத்துண்டெல்லாம் போன பிறகு நீங்க சட்டியில கிடக்கிற குழம்ப சோத்துல ஊத்தி அடுப்பாங்கரையில நின்னுட்டே தின்னு, பிள்ளைகள் மிச்சம் வச்ச கிழங்கையும் வீணாக்க மனசில்லாம வழிச்சு வாயில போட்டு... இதுதானே நடக்குது? நம்ம ஊர்ல பாதி வீட்ல இதுதான். அப்டி பாத்தா நீங்க நெறைய திங்கிறதா நெனைக்கிற ராத்திரியெல்லாம் உண்மையில ஒழுங்கா ஒரு நேரம் சாப்பிட்டிருக்க மாட்டீங்க, மீனும் பயறும் போக மிஞ்சின வெறும் மாவுச்சத்து மட்டும்தான் உள்ள போயிருக்கும், சுகர ஏத்துறதும் அதுதான்.

அதனால மொத பழக்கம் இது. உங்களுக்குன்னு ஒரு பிளேட் எடுத்து மத்தவங்களுக்கு வெளம்பும்போதே அதுலயும் வெளம்புங்க, சாளையோ அயிலையோ முழுசா, பயறு துவரனோ கீரையோ தாராளமா, சோறு கடைசில. பிறகு உக்காந்து சாப்பிடுங்க. மிச்சம் வந்தா கோழிக்கு போகட்டும். அத்தை ரெண்டு நாள் ஒரு மாதிரி பாப்பாங்க, மூணாவது நாள் பழகிரும் (பழகலன்னாலும் நீங்க உக்காருங்க).

மரச்சீனிய விட்டுத் தொலைக்க சொல்லி எந்த டாக்டர் சொன்னாலும் நான் சம்மதிக்க மாட்டேன். திருவிதாங்கூர்ல 1880கள்ல விசாகம் திருநாள் மகாராஜா காலத்துல அரிசி கிடைக்காத சனங்களுக்கு பசி ஆத்த பரப்பின கிழங்கு அது, நம்ம குமரி மாவட்டமும் அப்போ அங்கதானே இருந்துது. ஆனா அத தின்னு தெம்பா இருந்தவங்க பகல் முழுக்க மண்வெட்டி பிடிச்சவங்க, பனை ஏறினவங்க. பில்லிங் சீட்ல உக்காந்திருக்கிற நமக்கு ஆசைப்படுற அன்னைக்கு ஒரு கப் கிழங்கு, கூட மீன் நெறைய, அன்னைக்கு சோறு கிடையாது. சோத்தையும் கிழங்கையும் சேத்து திங்கிறதுதான் கேடு.

நடக்கிறதுக்கு காலைல அஞ்சு மணிக்கு எழும்புங்கனு சொல்ல மாட்டேன். உங்க பக்கம் ரெண்டு பருவ மழையும் பெய்யும், ரோட்டுல நாய் வேற. ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து பதினஞ்சு நிமிஷம் முற்றத்துல, மழைன்னா வீட்டுக்குள்ளயே, போன்ல அவருட்ட பேசிட்டே நடங்க, சாப்பாட்டுக்கு அப்புறம் ஏறுற சுகர தசை இழுத்துக்கிடும். ஞாயித்துக்கெழம சானல் (வாய்க்கால்) கரையில பிள்ளைகளோட போனா இன்னும் நல்லது.

இடையில விட்டுப் போகும், போகட்டும். லண்டன்ல 96 பேர வச்சு ஒரு பழக்கம் படிய எவ்ளோ நாள் ஆகுதுன்னு பாத்தாங்க, 2010ல வந்த ஆய்வு, நடுவா கணக்குப் போட்டா 66 நாள், ஆனா ஆளுக்கு ஆள் 18லருந்து 254 வரைக்கும் போகுது. அதுலயே ஒரு நாள் விட்டதால பழக்கம் ஒண்ணும் குலையலன்னும் தெரிஞ்சுது. நமக்குத்தான் ஒரு நாள் விட்டா மொத்தமும் போச்சுன்னு தோணுது, அந்த நெனப்புலதான் அஞ்சாவது நாள் சட்டியோட எடுத்து திங்கிறோம்.

வெயிட் மெஷின கட்டிலுக்கு அடியில தள்ளுங்க. சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு பார்டர்ல இருந்த 531 பேர மூணு வருஷம் பாத்து 2006ல வெளியிட்டது ஒண்ணு இருக்கு. வெறும் அறிவுரை மட்டும் கேட்டுட்டு போனவங்கள்ல 100க்கு 55 பேருக்கு சுகர் வந்துது, சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தினவங்கள்ல 39 பேருக்கு. இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச சங்கதி என்னன்னா அவங்க வெயிட் ஒண்ணும் பெருசா குறையல, குறையாமலே பலன் வந்துது. மெஷின் காட்டாத நல்லது உள்ள நடக்கும், கேட்டியளா. வெயிட் குறைஞ்சா இன்னும் நல்லதுதான், டாக்டர் சொன்னது சரிதான், ஆனா தினமும் ஏறி நின்னு அழ வேண்டாம், மாசம் ஒருக்கா போதும்.

டிசம்பருக்குள்ள பத்து கிலோங்கிறத விட்டுருங்க. அவரு கேக்காத பத்து கிலோ அது, கேட்டிருந்தா கடிதத்துல எழுதியிருப்பீங்க. அவரும் பத்து பன்னெண்டு வருஷமா குபூஸ் ரொட்டியும் பொரிச்ச கோழியுமா இருக்கிற ஆளா இருந்தா, வந்ததும் அவரையும் கூட்டிட்டு லேபுக்கு போங்க. உங்க அடுத்த மூணு மாச சுகர அதோட சேத்து எடுத்துக்கிடலாம், ரத்தத்துல சிவப்பணு ஒரு 120 நாள் கிடக்கும், அதுல ஒட்டினதத்தான் அளக்குறாங்க, அதனால அதுக்கு முன்ன பதறி எடுத்தா உருப்படியா ஒண்ணும் தெரியாது. டாக்டர் மாத்திரை ஏதாவது எழுதியிருந்தா அத நிறுத்த வேண்டாம். அத்தைக்கு சுகர் பாத்திருக்கீங்களா? கால் கடுப்புன்னு நான்தான் சும்மா சொன்னேன், உண்மையிலயே இருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போங்க.