மறுபடி படிக்கப் போகிறீர்களா? பொறுப்புகளை முழுசாகக் கைமாற்றுங்கள்

கேள்வி: எனக்கு 34 வயது. குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். மகளுக்கு இப்போது ஐந்து வயது. பகுதிநேர முதுநிலைப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, வாரத்தில் மூன்று மாலை வகுப்பு. "நீ தைரியமாப் படி, என்ன செய்யணும்னு சொல்லு, நான் செய்றேன்" என்கிறார் கணவர். மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் ஒவ்வொன்றையும் நினைவில் வைத்துச் சொல்வதே பெரிய வேலையாக இருக்கிறது. மகளைக் கவனிக்காமல் விடுகிறேனோ என்ற உறுத்தலும் உண்டு. சமாளிக்க முடியுமா?

பதில்: முடியும், சேருங்கள். ஆனால் வகுப்பு தொடங்கும் முன்பே வீட்டு ஏற்பாட்டை மாற்றிவிடுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நெருக்கடி வரும்போது முதலில் தள்ளிப்போவது உங்கள் படிப்பாகத்தான் இருக்கும்.

"சொல்லு, செய்றேன்" என்பதில்தான் சிக்கல். வீட்டு வேலைக்குப் பின்னால் இருக்கும் மூளை உழைப்பைப் பற்றி சமூகவியலாளர் ஆலிசன் டாமிங்கர் 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஒரு தேவை வரப்போகிறது என்று முன்கூட்டியே உணர்வது, அதற்கு வழி தேடுவது, முடிவெடுப்பது, நடந்ததா என்று கண்காணிப்பது என அதை நான்காகப் பிரித்தார். அவர் பேட்டி கண்ட தம்பதிகளில் பெரும்பாலும் முடிவை இருவரும் சேர்ந்துதான் எடுத்தார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் மனைவி தலையில் இருந்தன. உங்களைக் களைப்பாக்குவதும் இந்த இரண்டும்தான். வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதும் இவை மனதில் ஓடிக்கொண்டே இருக்கும்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2018-இல் தந்த கணக்குப்படி, உலக அளவில் பெண்கள் சம்பளமில்லாத வீட்டு, பராமரிப்பு வேலைக்கு ஒரு நாளில் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 1 மணி 23 நிமிடம். யோசித்து யோசித்துக் கழியும் நேரம் இப்படிப்பட்ட கணக்குகளில் சரியாகப் பதிவாவதில்லை.

அதனால் தனித்தனி வேலைகளைக் கொடுக்காதீர்கள். ஒரு துறையையே தலை முதல் கால் வரை ஒப்படையுங்கள். மகளின் மருத்துவம் என்றால், தடுப்பூசித் தேதியை நினைவில் வைப்பது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, அழைத்துப் போவது, மருந்து தீரும் முன் வாங்கி வைப்பது எல்லாமே அவருடையது. பள்ளி விஷயமும் அப்படித்தான். பள்ளிப் பதிவேட்டில் முதல் தொடர்பு எண்ணாக அவர் எண்ணைக் கொடுங்கள். பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அவர் இருக்கட்டும், நீங்கள் வெளியே வந்துவிடுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் பகலில் யாருடைய போன் அடிக்கிறதோ அவருடைய நாள்தான் உடைகிறது.

ஒப்படைக்கும்போதே குறைந்தபட்சம் எது நடந்தாக வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். அதற்கு மேல் எப்படிச் செய்கிறார் என்பது அவர் இஷ்டம். ஆரம்பத்தில் சிலது தவறும். மகளின் உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்தில்லை என்றால் குறுக்கே போகாதீர்கள். நீங்கள் ஓடிப்போய்ச் சரிசெய்தால் பொறுப்பு அன்றைக்கே உங்களிடம் திரும்பி வந்துவிடும். இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான பகுதி, அதனால் வகுப்புக்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிப் பழகிக்கொள்ளுங்கள்.

அவருடைய வேலை நேரமும் பேச வேண்டிய விஷயம். 2023-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார். ஒரே அளவு படித்த கணவன் மனைவியிடையே வருமான இடைவெளி பெரும்பாலும் முதல் குழந்தைக்குப் பிறகுதான் விரிகிறது. எந்த நேரத்திலும் கூப்பிட்டால் வரக்கூடியவர்களுக்கு அதிகச் சம்பளம் தரும் வேலைகளே இதற்கு முக்கியக் காரணம் என்கிறார். ஒருவர் அலுவலகத்துக்கு அப்படித் தயாராக இருந்தால், இன்னொருவர் வீட்டுக்குத் தயாராக இருக்க வேண்டியதாகிறது. ஆகவே உங்கள் வகுப்பு உள்ள மூன்று மாலைகளிலும் தாமதமாக முடியும் கூட்டங்களுக்கு வர இயலாது என்று அவர் தன் மேலாளரிடம் இப்போதே சொல்லட்டும். இதை அவர் செய்யத் தயங்கினால், படிப்பைப் பற்றிய உண்மையான பேச்சு அங்கேதான் தொடங்க வேண்டும்.

உறுத்தலைப் பற்றி: ஹார்வர்ட் பேராசிரியர் கேத்லீன் மெக்கின் குழு பல நாடுகளின் தகவல்களை ஆராய்ந்தது. வேலைக்குப் போன அம்மாக்களின் மகள்கள் பெரியவர்களானபின் வேலையில் இருக்கும் வாய்ப்பும் பொறுப்பான பதவியில் இருக்கும் வாய்ப்பும் அதிகம். மகன்கள் குடும்பத்தைக் கவனிக்கக் கூடுதல் நேரம் தருகிறார்கள். வளர்ந்தபின் அந்தப் பிள்ளைகளின் மகிழ்ச்சி மற்றவர்களைவிடக் குறைவாகவும் இல்லை. அது வேலையைப் பற்றிய ஆய்வுதான், படிப்பைப் பற்றியது அல்ல. இருந்தாலும் வாரத்தில் மூன்று மாலை நீங்கள் வீட்டில் இல்லாதது மகளுக்கு இழப்பு என்று நான் நினைக்கவில்லை. அந்த மாலைகள் அவளுக்கும் அப்பாவுக்குமான நேரம்.

வகுப்பு நேரம் போக, நீங்களாக உட்கார்ந்து படிக்கவும் நேரம் வேண்டும். எல்லோரும் தூங்கிய பிறகு படிக்கலாம் என்று திட்டமிடாதீர்கள், சில வாரங்களில் உடம்பு தாங்காது. வார இறுதியில் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம், முடிந்தால் வீட்டுக்கு வெளியே ஒரு நூலகத்தில், என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் கட்டும் முன் கல்லூரியில் மூன்று விஷயம் கேளுங்கள்: குறைந்தபட்ச வருகை எவ்வளவு, ஒரு பருவம் இடைவெளி எடுத்துத் தொடர அனுமதி உண்டா, தேர்வைத் தவறவிட்டால் மறுவாய்ப்பு எப்போது. பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.