சிறப்புக் கல்வியும் நம் வீடுகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

காது கேளாத குழந்தைகளுக்கு முப்பத்தொரு ஆண்டுகள் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது காரைக்குடியில் வசிக்கிறேன். சிறப்புக் கல்வியின் வரலாற்றைப் பற்றிக் கேட்கலாம் என்று அறிவித்தோம். வந்த கேள்விகளில் பாதி மருந்தைப் பற்றியவை, கால்வாசி உதவித்தொகையைப் பற்றியவை. நான் மருத்துவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (காரைக்குடி, கல்லூரி மாணவி): சிறப்புப் பள்ளி என்ற ஏற்பாடு எங்கே தொடங்கியது? தமிழ்நாட்டுக்கு எப்போது வந்தது?

பதினாறாம் நூற்றாண்டிலேயே ஸ்பெயின் நாட்டுப் பிரபுக் குடும்பங்களில் காது கேளாத பிள்ளைகளுக்குத் துறவிகள் பாடம் சொன்னதுண்டு. ஆனால் அது, பேச வராத வாரிசின் சொத்துரிமை போய்விடக் கூடாதே என்பதற்காகச் செல்வர் வீட்டுக்குள் நடந்த காரியம். ஏழைப் பிள்ளைகளுக்கும் கதவு திறந்த பள்ளியை, 1760ஆம் ஆண்டை ஒட்டிப் பாரிஸ் நகரில் நடத்தியவர் லெப்பே என்ற பாதிரியார். அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் கையால் பேசிக்கொள்வதைக் கவனித்து, அதன்மீதே பாடத்தைக் கட்டியது அவர் செய்த பெரிய வேலை. பார்வையற்றோருக்கு அதே நகரில் 1780களில் பள்ளி கண்டவர் வாலன்டின் ஹாவி. அவர் காகிதத்தில் புடைத்து நிற்கும் சாதாரண எழுத்துகளை விரலால் தடவிப் படிக்க வைத்தார்.

ஹாவி தொடங்கிய அந்தப் பள்ளிக்கு 1819இல் வந்து சேர்ந்தவர்தான் லூயி பிரெய்ல். இராணுவ அதிகாரி ஒருவர் அமைத்திருந்த, விரலால் தடவிப் படிக்கும் பன்னிரண்டு புள்ளி முறையைப் பார்த்து, அது ஒரு விரல்நுனிக்குள் அடங்காது என்று கண்டு, 1824இல் தம் பதினைந்தாம் வயதில் ஆறு புள்ளிகளாகச் சுருக்கினார். அவருடைய பள்ளி அதை முறையாக ஏற்றது 1854இல். அவர் 1852இலேயே மறைந்துவிட்டார். பார்வையுள்ள ஆசிரியர்களுக்குத் தாங்கள் கண்ணால் படிக்கத் தோதான புடைப்பெழுத்தே பிடித்திருந்ததுதான் இந்தத் தாமதத்துக்குக் காரணம். பயன்படுத்துகிறவரைக் கேட்காமல் பயிற்றுகிறவர் தீர்மானிக்கும் இந்த வழக்கம் கீழே வரும் பதில்களிலும் தலைகாட்டும்.

இந்தியாவில் 1880களில் மும்பையில் காது கேளாதோர் பள்ளியும், 1887இல் அமிர்தசரஸில் ஆனி ஷார்ப் தொடங்கிய பார்வையற்றோர் பள்ளியும் வந்தன. தமிழ்நாட்டில் பாளையங்கோட்டைதான் முன்னோடி. அங்கே 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்கும், அதே பத்தாண்டில் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாதோருக்கும் பள்ளி தொடங்கினார்கள். கிறிஸ்தவச் சமயப் பணியாகத்தானே தொடங்கினார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், ஆனால் அன்று அந்தக் கதவைத் திறக்க வேறு எவரும் அங்கே முன்வரவில்லை.

கேள்வி (கோட்டையூர்): நான்கு வயதாகியும் பேரனுக்குப் பேச்சு வரவில்லை. நல்ல மருந்து உண்டா?

முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் செவித்திறன் சோதனை செய்யுங்கள். இந்த வாரமே செய்யுங்கள். நாக்கில் வசம்பு தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம். குணமாக்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் போக வேண்டாம்.

கேள்வி (கானாடுகாத்தான், ஓர் ஆச்சி): எங்கள் வீட்டில் என் அப்பச்சியின் தம்பி, கால் விளங்காதவர், ஆயுள் முழுவதும் வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டிலேயே இருந்து மறைந்தார். வேளைக்குச் சோறு, வெளுத்த வேட்டி, பார்த்துக்கொள்ள ஓர் ஆள், எதற்கும் குறைவில்லை. இப்போதுள்ள பிள்ளைகள், அவரை அடைத்து வைத்தீர்கள் என்கிறார்கள். அது பாசமா, கொடுமையா?

ஆச்சி, அந்தக் காலத்தில் வெளியுலகம் எப்படி இருந்தது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். அறிவு வளர்ச்சி குன்றியவர் என்று முத்திரை குத்தப்பட்டவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1927இல் தீர்ப்பளித்தது. நாஜி ஜெர்மனியில் 1939 முதல் இத்தகையோரை மருத்துவர்களே பட்டியல் போட்டுக் கொன்றார்கள். அதையெல்லாம் எண்ணும்போது, சோறும் வேட்டியும் கொடுத்துக் காத்த உங்கள் வீட்டாரைக் கொடியவர் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆயினும் உங்களிடம் சில கேட்க வேண்டும். அவருக்குக் கணக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார்களா? முகப்பில் வந்து உட்கார்ந்து வரவுசெலவு பேசினாரா? பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போன குடும்பங்களில், சிறுவர்களுக்கு மீசை முளைக்கும் முன்பே வட்டிக் கணக்கை மனத்தால் போடும் பயிற்சி கொடுத்தார்கள். கப்பல் ஏறக் கால் வேண்டும், சரி; பேரேடு எழுதக் கால் எதற்கு? நகரத்தார் எனப்படும் செட்டியார் சமூகத்தில் ஆண் மகன் மணம் முடித்தால்தான் கோயிலில் ஒரு புள்ளி, அதாவது தனிக் குடும்பமாக ஒரு கணக்கு. அவருக்கு மணம் பேசியிருக்க மாட்டார்கள். ஆகவே புள்ளிக் கணக்கிலும் அவர் ஏறியிருக்க மாட்டார். அவருக்கு என்ன விருப்பம் என்று எவரும் கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பாசம் இருந்தது, ஆச்சி. அவரை ஓர் ஆளாக எண்ணிய கணக்குத்தான் இல்லை.

கேள்வி (தேவகோட்டை, தமிழாசிரியர்): பழந்தமிழர் உடற்குறையை இழிவாகக் கருதவில்லை என்று மேடையில் பேசலாமா?

பேச வேண்டாம். புறநானூற்றின் 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், குருடு, கூன், குறள் (குள்ளம்), ஊமை, செவிடு என்று எட்டு வகைப் பிறப்புகளை அடுக்கி, அவற்றால் பயனில்லை என்ற கருத்தைச் சோழன் நலங்கிள்ளியிடம் எடுத்துச் சொல்கிறார். அது அந்தக் காலத்துப் பொதுக் கருத்து. அதை மறைப்பதில் பெருமை இல்லை. ‘பொறியின்மை யார்க்கும் பழியன்று’ என்ற குறளைப் பலரும் உடற்குறைக்கு மேற்கோளாக எடுக்கிறார்கள். அங்கே ‘பொறி’ என்பதற்குப் பரிமேலழகர் ஊழ் என்றே பொருள் கொண்டார். உறுப்பு என்று கொள்ள விரும்பினால், அது உங்கள் உரை என்று சொல்லிவிட்டுக் கொள்ளுங்கள். அம்மை நோயில் பார்வை இழந்தும் இராமநாதபுரம் அரண்மனையில் பரிசு பெற்ற பழனி மாம்பழக் கவிச்சிங்க நாவலரைப் பற்றி வேண்டுமானால் தாராளமாகப் பேசலாம். ஆனால் ஒரு நாவலர் அரண்மனைக்குப் போனதை வைத்து, ஊரிலிருந்த மற்றவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்டக் கூடாது.

கேள்வி (புதுவயல், குன்றக்குடி, கண்டனூர், இன்னும் எட்டுப் பேர்): உதவித்தொகை எவ்வளவு? அடையாள அட்டை எப்படிப் பெறுவது?

சிவகங்கையில் மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள்.

கேள்வி (தேவகோட்டை, ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்): சைகை மொழியைக் கொடுத்தால் பிள்ளை பேச்சுக்கு முயலாது. எங்கள் காலத்தில் கைகளை மேசைமேல் வைக்கச் சொல்லி, உதட்டைப் பார்க்கப் பழக்கினோம். பலர் பேசினார்கள். இதை நீங்கள் மறுக்க முடியுமா?

இந்தக் கேள்வியை முன்கூட்டியே சிலரிடம் காட்டியிருந்தேன். பள்ளத்தூரிலிருந்து, காது கேளாத தையற்காரர் ஒருவர் இவ்வாறு எழுதினார்: “ஒன்பது ஆண்டுகள் பேச்சுப் பயிற்சியில் இருந்தேன். இருபது, முப்பது சொற்கள் வந்தன. அந்த ஒன்பது ஆண்டுகளில் அறிவியலும் வரலாறும் என் பக்கம் வரவேயில்லை. விடுதியில் விளக்கணைக்கும் முன் பெரிய மாணவர்கள் கையால் சொன்ன கதைகளில்தான் எனக்கு உலகம் தெரிந்தது.” அதற்குத் தலைமையாசிரியர், அது அந்தப் பள்ளியின் குறையே தவிர முறையின் குறை அன்று என்று மறுமொழி அனுப்பினார். தையற்காரர் விடவில்லை: “ஐயா, நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு ஒரு நாள் உங்கள் மருமகளின் உதட்டைப் படித்துப் பாருங்கள்.”

இனி நான். தலைமையாசிரியர் ஐயா சொல்லும் முறைக்கு ஒரு பிறந்தநாள் உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி மாநாடு ஒன்று கூடி, பேச்சு முறையே உயர்ந்தது, சைகையை வகுப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அங்கே இருந்தவர்களில் காது கேளாதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அத்தீர்மானத்தால் பல நாடுகளில் காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள்; பிள்ளைகளின் கைகள் கட்டப்பட்டன. அமெரிக்க சைகை மொழிக்கும் மற்ற மொழிகளைப் போலவே உள்ளமைப்பு உண்டு என்று 1960இல் வில்லியம் ஸ்டோகி என்ற மொழியறிஞர் எடுத்துக்காட்டிய பிறகே அறிஞர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதே மாநாட்டின் வழிவந்தோர் 2010இல் கனடாவின் வான்கூவரில் கூடியபோது, மிலான் தீர்மானங்களைக் கைவிட்டு வருத்தம் தெரிவித்தார்கள். இடையில் 130 ஆண்டுகள்.

உதட்டைப் படிப்பது நம் மொழியில் எவ்வளவு கடினம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் ‘பாலை’, ‘மாலை’ என்று சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒன்றுபோலவே மூடித் திறக்கும். ‘க’வோ அடிநாவில் பிறப்பது, உதட்டில் தெரியவே தெரியாது. பாதியைப் பார்த்து மீதியை ஊகிக்க வேண்டுமானால், ஊகிக்கும் அளவுக்கு மொழி முன்னமே மனத்தில் இருக்க வேண்டும். மொழியே இல்லாத பிள்ளையிடம் உதட்டைப் பார் என்றால், அது எதைக் கொண்டு ஊகிக்கும்?

நான் பேச்சுப் பயிற்சிக்கு எதிரி அல்லன். சிறு வயதிலேயே, உட்செவியில் வைத்து ஒலியை உணரச் செய்யும் காக்ளியர் கருவி பொருத்தப்பட்டுத் தொடர்ந்து பயிற்சி பெற்ற பிள்ளைகள் நன்றாகப் பேசுவதைக் கண்டிருக்கிறேன். ஆனால் அதற்காகக் கையைத் தடுக்க வேண்டியதில்லை. இதை மேட்டிலிருந்து சொல்லவில்லை, ஐயா. பணியில் சேர்ந்த முதல் ஏழு ஆண்டுகள் நானும் பிள்ளைகளைக் கைகட்டி உட்காரச் சொன்னவன்தான். மாணவி ஒருத்தி தன் தம்பி இறந்த செய்தியை என்னிடம் சொல்ல வந்தாள். கையை எடுக்காதே என்று அதட்டினேன். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று மறுநாள் அவளுடைய அம்மா வந்த பிறகே தெரிந்தது.

தலைமையாசிரியர் இதற்கும் மறுப்பு எழுதியுள்ளார், தையற்காரரும் எழுதியுள்ளார். இருவரும் காரைக்குடிக்கு வந்தால் காபி வாங்கித் தருகிறேன். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி (நாச்சியாபுரம்): ஆட்டிசத்தை ஸ்டெம் செல் ஊசி குணப்படுத்துமாமே?

இல்லை. அது நிறுவப்பட்ட சிகிச்சை அன்று. நகையை அடகு வைக்காதீர்கள்.

கேள்வி (கொத்தமங்கலம்): ‘ஊனமுற்றோர்’ என்பதை ‘மாற்றுத் திறனாளி’ என்று மாற்றியதால் என்ன மாறிவிட்டது?

சொல் மட்டும் போதாது என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. பாடம் பின்தங்கும் பிள்ளைக்கு உதவி தேவையா என்று கண்டறியப் பிரான்ஸில் ஆல்ஃபிரெட் பினே 1905இல் ஓர் அறிவுத்திறன் சோதனையை அமைத்தார். அமெரிக்காவில் காடர்ட் என்ற உளவியலாளர் அதை வைத்தே மனிதர்களைத் தரம் பிரித்து, இடியட், இம்பெசைல், மோரான் என்று அடுக்கினார். அன்று அவை கலைச்சொற்கள், இன்று வசவுகள். நம்மிடமும் ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்று மரியாதையாகத் தொடங்கியது வகுப்பறைக் கேலியாக இறங்கியதைக் கண்டேன். ஆனாலும் 2010ஐ ஒட்டித் தமிழக அரசு கொண்டுவந்த ‘மாற்றுத் திறனாளி’ என்ற சொல்லால், அலுவலகத்தில் மனு கொடுக்கப் போகிறவர் கூசாமல் நிற்க முடிகிறது. அது சிறிய காரியம் அன்று. சொல்லோடு சட்டமும் வந்தது: 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றது, 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது, அரசு வேலை ஒதுக்கீடு 3 சதவீதத்திலிருந்து 4 ஆயிற்று. எதிரில் இருப்பவரை எப்படி அழைப்பது என்ற ஐயம் வந்தால் அவரையே கேளுங்கள். மேலே வந்த தையற்காரர், ‘காது கேளாதவன்’ என்றே எழுதச் சொன்னார்.

கேள்வி (காரைக்குடி, பள்ளி மாணவன்): தமிழைப் பிரெய்லில் எப்படி எழுதுவார்கள்?

நல்ல கேள்வி, தம்பி. இந்திய மொழிகள் அனைத்துக்கும் பொதுவான பாரதி பிரெய்ல் 1951இல் ஏற்கப்பட்டது. அதில் உயிர்மெய்யைப் பிரித்து எழுதுவார்கள்: ‘கெ’ என்பதில் அச்சில் கொம்பு முன்னால் நிற்கும், பிரெய்லில் முதலில் ‘க’, அடுத்து ‘எ’, வாயில் ஒலிக்கும் வரிசைப்படியே. ‘க்’ என்று எழுதப் புள்ளிக் குறியை எழுத்துக்கு முன்னால் போடுவார்கள்.

கேள்வி (கண்டனூர்): சிறப்புப் பள்ளியா, சாதாரணப் பள்ளியா?

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்வது உங்கள் உரிமை. 1994இல் ஸ்பெயினின் சலமான்கா நகரில் நிறைவேறிய பிரகடனத்துக்குப் பிறகு உலகம் பொதுப் பள்ளியின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆனால் சைகை தெரிந்த ஒருவர்கூட இல்லாத வகுப்பில் காது கேளாத பிள்ளையை உட்கார வைப்பதும் ஓர் இரண்டாம் கட்டுத்தான்.

கேள்வி (பள்ளத்தூர்): மகனுக்குச் சக்கர நாற்காலி வந்திருக்கிறது. எங்கள் வீட்டுத் திண்ணை மூன்றரை அடி உயரம். பின்கட்டுக் கதவு அடுத்த தெருவில் சமதரையில் இருக்கிறது. அவனை அந்த வழியாகவே அழைத்துப் போனால் போதாதா?

ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் சாய்தளம் வேண்டும். உங்கள் திண்ணைக்கு 42 அடி ஆகும். நேராக இடமில்லையென்றால் நடுவில் ஒரு மேடை வைத்து மடக்கிக் கட்டலாம். கொத்தனாரிடம், நீளத்தைக் குறைத்துச் செங்குத்தாக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அது முடியும் வரை பின்கட்டு வழியாகப் போகட்டும். முடிந்த பிறகு, முகப்பு வழியாக.