கொட்டகை தாண்டிக் கேட்கும் குரல்

கேள்வி: அமெரிக்காவின் லூசியானாவில் பிரெஞ்சு பேசும் கேஜன் மக்களின் பழைய ஆட்டப்பாட்டுப் பதிவுகள் சிலவற்றைக் கேட்டேன். பாடுகிறவர் தொண்டை கிழியக் கத்துகிறாரே, ஏன்? முதலில் எதைக் கேட்கலாம்?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: தக்கலையில் ஆர்மோனியம் பழுது பார்க்கிறவன் நான். அதனால் அவர்களுடைய அக்கார்டியனிலிருந்தே தொடங்குகிறேன். ஒரே வரிசையில் 10 பொத்தான். நம் ஆர்மோனியத்தில் ஒரு கட்டைக்கு ஒரே சுரம். இதில் துருத்தியை அமுக்கினால் ஒரு சுரம், இழுத்தால் வேறு சுரம். வாசிக்கிறவர் கை ஓயவே முடியாது. அந்த வெட்டில்தான் ஆடுகிறவர் கால் எழும்புகிறது. சத்தமும் பெரிது. மைக் இல்லாத ஆட்டக் கொட்டகையில் அந்தச் சத்தத்துக்கும் காலடிகளுக்கும் மேலே ஏற வேண்டும் குரல்.

எங்க பாட்டா ஒலிபெருக்கி வராத காலத்துக் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்டவர். "கடைசிப் பாயில இருக்கவனுக்கும் புலவர் குரல் எட்டணும்" என்பார். இந்தப் பதிவுகளைக் கேட்டபோது அவர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. ஒலிப்பதிவு அறையில் மைக் இருந்தும் தொண்டை பழக்கத்தை விடவில்லை.

முதல் கேஜன் இசைத்தட்டு 1928 ஏப்ரல் 27 அன்று நியூ ஆர்லியன்ஸில் பதிவானது. ஜோ ஃபால்கன் அக்கார்டியன், கிளியோமா ப்ரோ கிட்டார். லாஃபயெட் ஊருக்குப் போவோம் என்று அழைக்கிற பாட்டு. இரண்டே பேரா என்று கம்பெனிக்காரர்கள் தயங்கினார்களாம். கூட வந்த நகைக்கடைக்காரர் தட்டுகளை மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன் என்ற பிறகே பதிவு நடந்ததாம். கிளியோமாவின் கிட்டாரைத் தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள். தாளம் முழுவதும் அந்தப் பெண்ணின் கையில்தான்.

ஆனால் என் மனசு அமேடே ஆர்டுவானிடம்தான். அக்கார்டியன் வாசித்துப் பாடிய கருப்பினத்தவர். 1929 டிசம்பரில் வெள்ளையரான டென்னிஸ் மெகீயின் பிடிலோடு பதிவு செய்தார். நிறவெறி தலைவிரித்தாடிய ஊரில் இருவரும் ஒரே பதிவில்! உச்சத்தில் ஏறி உடையப்போகிற குரல். அழுகையா பாட்டா என்று பிரிக்க முடியாது. 1942இல் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார். மிஞ்சியவை 34 பாட்டுகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம் போல.

1930களின் நடுவில் பிடில் குழுக்கள் வந்து அக்கார்டியனை ஒதுக்கின. 1948இல் அக்கார்டியன்காரர் ஐரி லெஜூன் பதிவு செய்த பிறகு அது மறுபடி தலையெடுத்தது.

நீங்கள் ஆர்டுவானிலேயே தொடங்குங்கள். செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம். அடியில் ஓடும் மெகீயின் பிடில் அதில் காதுக்கு வராது.