வெளியே உட்கார்ந்த இரண்டு சீசன்

அன்புள்ள அண்ணா,

நான் வியாசர்பாடி. வயது 28. பள்ளி நாட்களிலிருந்தே கால்பந்தில் கோல் கீப்பர். சென்னை லீக்கில் ஒரு டிபார்ட்மெண்ட் டீமுக்காக நான்கு சீசன் இருந்தேன். அதில் இரண்டு சீசன் இரண்டாவது கீப்பர். வெளியே உட்கார்ந்ததுதான் மிச்சம். வேலையும் நிரந்தரம் ஆகவில்லை. போன வருடம் தோள்பட்டை இறங்கியதிலிருந்து டைவ் அடிக்கவே பயமாக இருக்கிறது. இப்போது எங்கள் ஏரியா கிரவுண்டில் சின்னப் பசங்களுக்குக் கோச்சிங் கொடுக்கச் சொல்லிக் கேட்கிறார்கள். கூட ஆடியவர்களோ, "கீப்பருக்கு ஆட்டத்தைப் பற்றி என்ன தெரியும், நீ கீப்பர் பசங்களை மட்டும் பார்த்துக்கோ" என்கிறார்கள். கீப்பராக இருந்து முழு டீமுக்கும் கோச் ஆனவர்கள் உண்டா? நான் இதில் இறங்கலாமா?

பெயர் போட வேண்டாம் அண்ணா. வியாசர்பாடியிலிருந்து ஒரு கீப்பர் என்று போட்டால் போதும்.

*

அன்புள்ள தம்பி,

உண்டு. நிறைய பேர் உண்டு. அவர்களைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன், "வெளியே உட்கார்ந்ததுதான் மிச்சம்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் எனக்கு மனசு நின்றுவிட்டது. அந்த இரண்டு சீசனை நஷ்டக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறீர்கள். கோச்சிங்குக்கு உங்கள் கையில் இருக்கும் முதலே அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பெஞ்சில் உட்காரும் மற்றவர்களை யோசித்துப் பாருங்கள். ஃபார்வர்டு ஒருவன் உட்கார்ந்திருந்தால் அறுபதாவது நிமிடத்தில் இறக்குவார்களா என்று கோச் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பாதி நேரம் கோட்டுக்கு வெளியே ஓடி வார்ம் அப் செய்வான். இரண்டாவது கீப்பருக்கு அந்தத் தவிப்பு கிடையாது. முதல் கீப்பருக்கு அடிபட வேண்டும், அல்லது சிவப்பு அட்டை வாங்க வேண்டும். அதுவரை அவனுக்கு வேலை இல்லை. அதனால் அவன் ஆட்டத்தைப் பார்க்கிறான். ஒரு சீசன் முழுக்க, தொண்ணூறு தொண்ணூறு நிமிடமாக, கோச்சுக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து பார்க்கிறான். யாரை எப்போது மாற்றினார், இடைவேளையில் யாரைத் திட்டினார், யாரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார் எல்லாம் அவன் காதில் விழுகிறது. வேறு யாருக்கும் இந்த இடம் கிடைப்பதில்லை.

போர்ச்சுகல்காரர் நூனோ எஸ்பிரிட்டோ சாண்டோவை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் அவர் இருந்த போர்ட்டோ கிளப், ஐரோப்பியக் கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் மொனாக்கோவை 3-0 என்று ஜெயித்தது. அன்றைக்குக் கோலில் நின்றவர் விட்டோர் பயா. நூனோ பெஞ்சில். கோச், ஜோசே மோரின்யோ. இதே நூனோ 2010-ல் ஸ்பெயினின் மலாகா கிளப்பில் கீப்பர் கோச்சாக ஆரம்பித்து, 2012-ல் போர்ச்சுகலின் ரியோ ஆவே கிளப்பின் தலைமைக் கோச் ஆனார். அப்புறம் வாலென்சியா, போர்ட்டோ. 2017-ல் இங்கிலாந்தின் இரண்டாம் டிவிஷனில் கிடந்த வுல்வ்ஸ் டீமுக்கு வந்து ஒரே சீசனில் முதல் டிவிஷனான பிரீமியர் லீக்குக்கு ஏற்றினார்.

ஸ்பெயின்காரர் யூலன் லோபெட்டெகி கதை இன்னும் உங்களுக்கு நெருக்கம். ரியல் மாட்ரிட்டில் அவர் ஆடிய லீக் மேட்ச் ஒன்றே ஒன்று. பார்சிலோனாவில் மூன்று சீசன் இருந்து ஐந்து லீக் மேட்ச். ஸ்பெயின் தேசிய டீமுக்கே கோச்சாக இருந்தவர் அவர். 2020-ல் ஸ்பெயினின் செவியா கிளப் யூரோப்பா லீக் வென்றபோதும் அவர்தான் கோச்.

எல்லோரும் பெஞ்சிலிருந்து வந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். இத்தாலியின் டீனோ ஜோஃப் வெளியே உட்காரத் தெரியாத கீப்பர். 1972-க்கும் 1974-க்கும் நடுவில் இத்தாலிக்காக 1142 நிமிடம் தொடர்ந்து கோல் விடாமல் நின்றவர். 40 வயதில் கேப்டனாக 1982 உலகக் கோப்பையை வாங்கினார். கோச்சாக யுவென்டஸுக்கு 1990-ல் யூஃபா கோப்பை, பிறகு 2000 ஐரோப்பியக் கோப்பையில் இத்தாலியை இறுதிப் போட்டி வரை கொண்டு போனார். பிரான்ஸுக்கு எதிராக 1-0 முன்னிலை. கூடுதலாகக் கொடுத்த நிமிடங்களில் ஒரு கோல் விழுந்து சமன் ஆகி, கூடுதல் ஆட்டத்தில் முதலில் கோல் அடித்தவருக்கே வெற்றி என்ற அந்தக் கால கோல்டன் கோல் விதியில் தோற்றார்கள். இத்தாலிய அரசியல்வாதி சில்வியோ பெர்லுஸ்கோனி அவரைப் பொதுவெளியில் மோசமாக விமர்சித்ததும் ஜோஃப் ராஜினாமா செய்துவிட்டார். கோல் விழுந்ததற்கு வாழ்நாள் முழுக்கப் பழி சுமந்து பழகிய மனிதர். தன் வேலையைக் கேவலப்படுத்திப் பேசியதை மட்டும் அவர் பொறுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அந்த ராஜினாமா மேல் பெரிய மரியாதை உண்டு.

இவ்வளவு தூரம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதே இல்லை. பீட்டர் தங்கராஜ் என்ற பெயர் உங்கள் கிரவுண்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? போன மாதம் பெரம்பூரில் கால்பந்து ஆடும் பையன்கள் சிலரிடம் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. செகந்திராபாத்தில் சென்டர் ஃபார்வர்டாக ஆரம்பித்தவர். ராணுவத்தில் சேர்ந்து, குன்னூர் பக்கம் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்காக ஆடினார். அந்த டீம் 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பை வாங்கியது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பிரான்ஸோடு இந்தியா 1-1 என்று டிரா செய்ததே, அந்த டீமின் கீப்பர் அவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் மைதானம் முழுக்க நம் டீமுக்கு எதிராகக் கூச்சல் போட்டது. தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கிய அன்றும் கோலில் நின்றவர் அவர்தான். 1967-ல் அர்ஜுனா விருது.

1971-ல் ஆட்டத்தை விட்ட பிறகு கோச் ஆனார். கோவாவில் வாஸ்கோ கிளப், அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், கடைசியாக பொகாரோ ஸ்டீல் நகரம். 2008-ல் அங்கேயே இறந்தார். ஆசியத் தங்கம் வாங்கிய மனிதர் ஒரு இரும்பாலை ஊரில் பையன்களுக்குப் பந்து சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். கோல் அடிக்கும் இடத்திலும் நின்றவர், கோலைத் தடுக்கும் இடத்திலும் நின்றவர். அவரிடம் கற்றுக்கொண்ட பையன்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சரி, உங்கள் நண்பர்கள் சொல்வதற்கு வருகிறேன். அதில் ஒரு காலத்தில் உண்மை இருந்தது. கீப்பர்களைத் தனியாக ஓர் ஓரத்தில் விட்டுவிடுவார்கள். பாஸிங் பயிற்சி அவர்களுக்குக் கிடையாது. 1992-ல் பேக் பாஸ் விதி வந்தது. சொந்த டீம்காரன் காலால் வேண்டுமென்றே தட்டிக் கொடுத்த பந்தைக் கீப்பர் கையால் தொடக்கூடாது என்றானது. அன்றிலிருந்து அவனும் காலால் ஆட வேண்டியதாயிற்று. 2019-ல் கோல் கிக் பெனால்டி பாக்ஸுக்கு வெளியே போக வேண்டியதில்லை என்று மாற்றினார்கள். 2025-ல், எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்கு கார்னர் என்று வந்துவிட்டது. ஆக இன்றைக்குத் தாக்குதல் தொடங்கும் இடமே கீப்பர்தான். நீங்கள் ஆடியது இந்தக் கால ஆட்டம். முழு டீமின் வேலையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

எனக்கு இதை ஒரு கீப்பர்தான் சொல்லிக் கொடுத்தான். பள்ளியில் நான் ரைட் பேக், அதாவது வலது பக்கத் தடுப்பாட்டக்காரன். எனக்குப் பின்னால் நின்றவன் மேட்ச் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பான். "ரைட்டு, ஏறு." "உள்ள வா." "பின்னாடி ஆளு." "விடு, கீப்பர்ஸ்!" அவன் குரலைக் கேட்டே நான் எங்கே நிற்பது என்று கற்றேன். ஒரு நாள் காய்ச்சலில் அவன் வரவில்லை. மாற்று ஆள் நல்லவன், ஆனால் வாய் திறக்காதவன். மூன்று கோல் விழுந்தது. மூன்றும் என் பக்கம். கோச் அன்று என்னைத்தான் திட்டினார், ஆனால் எனக்குக் குறைந்தது அந்தக் குரல் என்று எனக்குத் தெரியும்.

இறங்குங்கள் தம்பி. பெரிய பையன்களிடம் போகாதீர்கள், பதின்மூன்று வயதுக்குக் கீழே உள்ளவர்களை முழு டீமாக எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே கீப்பர் பையன்களையும் விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்து கிரவுண்டுகள் கல்லும் செம்மண்ணும். அங்கே முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது விழுவது. முழங்கையை ஊன்றாமல், தொடை, இடுப்பின் பக்கவாட்டு, தோளின் பின்பக்கம் என்று உருண்டு விழ வேண்டும். ஈர மணல் கொட்டி, முட்டி போட்ட நிலையிலிருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் ஒரு நீளமான கயிறு வாங்குங்கள். இரண்டு போஸ்ட்டிலும் கட்டி, நடுவில் பந்து இருக்கும் இடத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கோல் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம், அதை ஒரு சின்ன உடம்பால் அடைக்க முடியாது. ஆனால் அந்தக் கயிற்று முக்கோணத்துக்குள் இரண்டடி முன்னால் வந்து நின்றால் இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் குறைகிறது என்று பையன் கண்ணாலேயே பார்த்துவிடுவான். ஆங்கிள் என்று பத்து நாள் விளக்க வேண்டியதில்லை.

தோளை ஒரு ஃபிசியோவிடம் காட்டாமல் டைவ் அடித்துக் காட்ட வேண்டாம். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி லைசென்ஸ் முதலில், அப்புறம் சி, பி, ஏ என்று போகலாம். கீப்பர் கோச்சிங்குக்கும் தனிப் படிப்பு உண்டு, அதையும் செய்யுங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏரியா பசங்களுக்குக் கொடுக்கும் கோச்சிங்கில் குடும்பம் நடத்த முடியாது. லைசென்ஸ் கையில் இருந்தால் பள்ளிகளிலும் அகாடமிகளிலும் கேட்கலாம். அதுவரை வேறு வேலையை விட வேண்டாம்.

ஒன்று மட்டும் எனக்காகச் செய்யுங்கள். அந்த இரண்டு சீசனில் பெஞ்சிலிருந்து பார்த்த மேட்சுகளில் உங்கள் டீம் வாங்கிய கோல் ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பந்து எங்கே இழந்தது, ரைட் பேக் எங்கே நின்றான், கீப்பர் கத்தினானா, கோச் என்ன சொன்னார். முதல் பத்து எழுதியதும் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.